ஜமால்தீன் நானாவும் விடியலில் அணைந்த காரும்

கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்குப் போகும் வீதியில் கராஜ் வைத்திருந்த ஜமால்தீன் நானாவிடம் பழுதான காரைக் கொண்டுபோனால், அவர் எடுத்த எடுப்பில் பொனட்டைத் திறக்கமாட்டார். "வண்டி ராவைக்கு எங்க தூங்குற?" என்று கேட்பார். வந்தவர் திருதிருவென்று விழிப்பார். ஆள் தண்ணி போட்டிருக்கிறாரோ என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. ஐந்து வேளைத் தொழுகை தவறாத மனிதரைப் பற்றி அப்படி நினைத்ததற்குப் பிறகு அவர்களே நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பார்கள். அந்தக் கேள்வி அவர் வாயில் வந்து ஒட்டிக்கொண்டது 1933ஆம் ஆண்டு தை மாதத்தில், தெல்தோட்டையில். அதற்கு முன் அவரும் மற்றவர்களைப் போலக் காரைக் கண்டதும் ஸ்பேனரைத் தூக்குகிறவர்தான்.

நானாவுக்குச் சொந்த ஊர் திகன. பாக்கும் மிளகும் வாங்கி விற்கிற குடும்பம். வாப்பா அவரைக் கடையில் தராசுக்கு முன்னால் உட்காரவைத்துப் பார்த்தார். உடம்புதான் உட்கார்ந்தது, காது வீதியிலேயே கிடந்தது. சரக்கேற்ற வருகிற லொறி வளைவில் திரும்பும்போதே எந்த லொறி, எந்த டிரைவர், இன்று அதற்கு என்ன நோக்காடு என்று சொல்லிவிடுவாராம். இப்படிப்பட்ட பிள்ளையை வைத்துக்கொண்டு மிளகு நிறுக்க முடியாது என்று வாப்பாவுக்கும் ஒருநாள் விளங்கியது. கண்டியில் ஒரு பெரிய வேலைத்தளத்தில் சேர்த்துவிட்டார். அங்கே கிரீஸ் கழுவி, டயர் கழற்றி, ஏச்சு வாங்கி, கடைசியில் 1920களின் முடிவில் நானா தனியாகக் கராஜ் போட்டார்.

இடம் மலிவாகக் கிடைத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. பக்கத்தில் பேக்கரி. பாண் சுடுகிற போறணையின் பின்சுவர்தான் கராஜின் பக்கச்சுவர். இரவு முழுக்க அங்கே நெருப்பு எரியும். சுவரில் கை வைத்தால் இதமாகச் சுடும். பகலில் வேலை செய்கிறவனுக்கு அது நரகம்தான். நானா அதையெல்லாம் பெரிதாக எடுக்கவில்லை.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. அந்தக் காலத்தில் கண்டியில் மெக்கானிக்குகள் குறைவு. இருந்தவர்களில் பலர் காருக்கு என்ன வந்தது என்பதை வாயே திறக்கமாட்டார்கள். தொழில் ரகசியமாம்! நானா அப்படியல்ல. பழுதான சாமானைக் கழுவித் துடைத்து, சொந்தக்காரரின் உள்ளங்கையில் வைத்து, "இதுதான் காரணம்" என்று அவரவர் பாஷையில் விளங்கப்படுத்திவிட்டுத்தான் காரைக் கொடுப்பார். காரணம் தெரியாத காரை அவர் கராஜைவிட்டு வெளியே விட்டதேயில்லை. என்னைக் கேட்டால், அவர் கைவேலையைவிட இதற்காகத்தான் அந்த மனிதரைக் கும்பிட வேண்டும்.

இந்த வழக்கத்துக்குத்தான் தெல்தோட்டைக் கார் வேட்டு வைத்தது.

அது மருந்துக் கார். தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்கள் சில சேர்ந்து, தங்கள் வைத்தியர் வீரசிங்கம் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போய்வர வாங்கிக் கொடுத்த சின்னக் கார். வீரசிங்கம் யாழ்ப்பாணத்து மனிதர், வழுக்கைத் தலை, முன்கோபி, ஆனால் நோயாளி என்று கேட்டால் சோற்றுக் கையோடு எழும்புகிறவர். காரை ஓட்டியவன் அழகையா. தோட்டத்து லயத்தில் பிறந்து, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்து, முன்பு இருந்த துரையின் காரைக் கழுவிக் கழுவியே ஓட்டப் பழகியவன். அந்த வட்டாரத்து லயங்களில் பிறந்து ஸ்டியரிங் பிடித்தவன் அவன் ஒருவன்தான். அந்தப் பெருமையை அவன் உடம்பிலேயே பார்க்கலாம். காக்கிக் கோட்டு மடிப்புக் கலையாது, தலைமுடி படிய வாரிப் பளபளவென்று மின்னும்.

மார்கழிக் கடைசியில் அவன் கராஜுக்கு வந்தபோது அந்தப் பளபளப்பு மட்டும்தான் மிச்சம் இருந்தது. முகம் செத்துப்போயிருந்தது.

"காலையில ஹேண்டில சுத்துனா ஒடனே புடிச்சிக்கிது நானா. ஆனா ஸ்லோவுல நிக்க மாட்டேங்குது. கொஞ்ச நேரம் தொண்டைய கமறிட்டு, கரும்பொகைய கக்கிட்டு நின்னுபோகுது. சுத்திச் சுத்திக் கையெல்லாம் வீங்கிருச்சி. வெயில் ஏறிருச்சின்னா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது."

நானா காரை ஸ்டார்ட் செய்து பார்த்தார். நல்ல பிள்ளையாக ஓடியது. பிளக்கைக் கழற்றினார், கறுத்துக் கிடந்தது. கழுவிப் போட்டு, பிளக்கின் கறுப்பைக் காட்டி அனுப்பினார். சில நாளில் கார் திரும்ப வந்தது, அதே நோக்காடு. இந்த முறை கார்பரேட்டரைப் பிரித்தார். அது நோன்பு மாதம். மற்ற நாளென்றால் பெட்ரோல் வருகிற சின்னத் துவாரங்களை வாய் வைத்து ஊதிச் சுத்தம் செய்வார். நோன்போடு பெட்ரோலில் வாய் வைக்க முடியுமா? சைக்கிள் பம்பால் ஊதினார். ஊதும்போது ஒன்றைக் கவனித்தார். காரின் மூட்டு, முடுக்கு, கம்பி எல்லாவற்றிலும் எண்ணெய் மினுமினுத்தது. இப்படிப் பொத்திப் பொத்தி வைத்துக் கார் பார்க்கிற டிரைவரைக் கண்டதில்லை என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டார்.

மூன்றாவது தரம் கார் வந்தபோது நானாவுக்கு ரோசம் வந்துவிட்டது. "இன்டைக்கு ராவு இங்கயே நிக்கட்டும். காலைல குளிருல நானே பாக்கிறேன்" என்றார். மறுநாள் சுபஹு தொழுதுவிட்டு வந்து ஹேண்டிலைச் சுற்றினார். கார் ஒரே சுற்றில் உயிர் பிடித்தது. நிதானமாக ஓடியது. பொனட்டின் மேல் ஒரு கிளாஸ் தண்ணீரை வைத்தார், துளி சிந்தவில்லை. அழகையாவுக்கு அழுகையே வந்துவிட்டது. சந்தோஷத்தில் அல்ல.

அந்த நேரம் பார்த்து, மருந்துச் சாமான் எடுக்கக் கண்டிக்கு வந்து தங்கியிருந்த வீரசிங்கம் கராஜுக்குள் நுழைந்தார்.

"என்ன, பிழை பிடிபட்டதோ?"

"வண்டியில குத்தம் ஒண்டுமில்ல ஐயா" என்றார் நானா. உள்ளதைத்தானே சொல்ல வேண்டும்.

"அப்ப பிழை காரிலை இல்லை. ஆளிலைதான்."

அழகையா தலையைக் குனிந்துகொண்டான். வீரசிங்கம் அவனைப் பாராமல் நானாவிடமே சொன்னார். போன கிழமை ஒரு விடியற்காலையில் தோட்டத்து மேற்பிரிவு லயத்தில் ஒரு பெண் பிள்ளைப்பேற்றில் கிடந்து துடித்திருக்கிறாள். கார் அணைந்து அணைந்து நின்றது. அவர் பையைத் தூக்கிக்கொண்டு பனிக்குள்ளால் ஏற்றத்தில் நடந்து போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு நினைவு தப்பியிருந்தது. தாயும் பிள்ளையும் தப்பியது கடவுள் செயல்.

"ஒவ்வொரு முறையும் கடவுள் வந்துகொண்டிருப்பாரோ? இவன் விடிய எழும்பப் பஞ்சிப்பட்டு ஏதோ செய்யிறான் எண்டு சனம் கதைக்குது. நான் நம்பேல்லை. நீங்கள் காரிலை பிழையில்லை எண்டு சொன்ன பிறகு நான் என்ன செய்யிறது? மாதம் முடிய வேறை டிரைவர் பாக்கப்போறன். இவன் திரும்பக் கவ்வாத்துக்குப் போகட்டும்."

நானாவுக்குச் சுருக்கென்றது. காரைப் பற்றிச் சொன்ன ஒரு வார்த்தை இப்படி ஒருவன் சோற்றில் போய் விழும் என்று அவர் நினைக்கவில்லை. காரணம் தெரியாத காரை வெளியே விடாத மனிதர், 'குற்றமில்லை' என்ற வெறும் சொல்லோடு ஒருவனையே வெளியே தள்ளிவிட்டாரே!

"ஒரு விடியல் தாங்க ஐயா. நான் தெல்தோட்டைக்கு வாரேன். வண்டி அது தூங்குற எடத்திலயே எழும்புறத நான் பாக்கணும்" என்றார்.

வீரசிங்கம் யோசித்தார். "சரி. வாங்கோ" என்றார்.

அன்று மாலை அழகையாவே காரோட்ட, கலஹாப் பாதையால் நானா மலை ஏறினார். பாதி வழியில் நோன்பு திறக்கும் நேரம் வந்தது. காரை நிறுத்தி, மடியில் கொண்டுவந்த ஈச்சம்பழத்தில் ஒன்றை அழகையாவுக்கும் கொடுத்துவிட்டுத் தானும் வாயில் போட்டார். தெல்தோட்டையில் கார் தூங்கும் இடத்தைப் பார்த்தார். தகரக் கூரை, பக்கத்துக்குச் சுவர் கிடையாது, பள்ளத்தாக்கின் காற்று நேரே வந்து முகத்தில் அடித்தது.

லயத்தில், அழகையாவின் ஒற்றை அறைக் காம்பராவில் அவருக்கு இரண்டு கம்பளி கொடுத்தார்கள். இரண்டும் போதவில்லை. முழங்காலை மடக்கிக்கொண்டு கிடந்தவருக்கு, இந்நேரம் கராஜ் சுவரில் முதுகைச் சாய்த்தால் எப்படி இருக்கும் என்ற நினைப்பு வந்தது. அதோடு எழும்பி உட்கார்ந்துவிட்டார். போறணைச் சுவர்! அந்தச் சுவரோடு ஒட்டித்தானே காரை நிறுத்தினார்! இரவு முழுக்கப் பாணோடு பாணாக வெதுவெதுப்பில் கிடந்த காரை எழுப்பிவிட்டு, குளிரில் சோதித்தேன் என்று டாக்டரிடம் சாட்சி சொல்லியிருக்கிறார். தன்னையே நாலு ஏச்சு ஏசிக்கொண்டார்.

குளிரில் மட்டும் வருகிற நோய் என்பது உறுதியாயிற்று. ஆனால் என்ன நோய்?

நோன்புக்காக விடியுமுன் உண்ணும் ஸஹர் சாப்பாட்டுக்கு அழகையாவின் மனைவி பாலம்மா அவருக்கு முன்பே எழும்பிவிட்டாள். அடுப்பில் சோறு கொதித்தது. "புதுச் சட்டியிலதான் ஆக்குனேன் நானா. கறிகூட மரக்கறிதான். கூச்சப்படாம சாப்புடுங்க" என்றாள். அடுப்பு மேட்டில், சட்டிக்குப் பக்கத்தில், ஒரு போத்தல் சூட்டுக்கு நின்றது. உள்ளே வெள்ளை வெளேரென்று ஏதோ கட்டியாக இருந்தது.

"அது என்ன தங்கச்சி? மருந்தா?"

"தேங்காயெண்ணெ நானா. இந்தக் குளிருக்கு ஒறைஞ்சு போகுது. இவரு தலைக்கி எண்ணெ வைக்காம கோட்டு மாட்டமாட்டாரு." பாலம்மா போத்தலைத் திருப்பி வைத்தாள். "தலைக்கின்னாலும் பரவால்ல. நம்ம தலைக்கி ஒரு சொட்டு, அந்த வண்டிக்கி ஒம்போது சொட்டு. புள்ள தலைக்குக்கூட மிச்சமில்ல."

நானாவின் கை சோற்றிலேயே நின்றது. அவர் போத்தலைப் பார்த்தார். அடுப்புப் பக்கம் இருந்த ஓரம் உருகி, கண்ணாடி தெளிந்துகொண்டு வந்தது. மறுபக்கம் இன்னும் மெழுகுக் கட்டிதான். அவர் அவசரமாகச் சாப்பிட்டு முடித்தார்.

வெளிச்சம் வந்ததும் அழகையாவைக் கூட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனார். "நான் எதிலயும் கை வைக்கமாட்டேன். நீங்க ஒவ்வொரு நாளும் செய்றத அப்பிடியே செய்ங்க தம்பி" என்றார்.

அழகையா சோக்குக் குமிழை வெளியே இழுத்தான். குளிரில் இஞ்சின் பிடிக்கப் பெட்ரோல் அதிகமாகவும் காற்றுக் குறைவாகவும் வேண்டும். குமிழை இழுத்தால் ஒரு கம்பி, கார்பரேட்டரின் காற்று வாயில் இருக்கும் சின்னத் தட்டை மூடிவிடும். இஞ்சின் பிடித்ததும் குமிழை உள்ளே தள்ள வேண்டும். அப்போது ஒரு மெல்லிய ஸ்பிரிங் தட்டைத் திறந்துவிடும். அழகையா ஹேண்டிலைச் சுற்றினான். இஞ்சின் பிடித்தது. ஓடிப்போய்க் குமிழை உள்ளே தள்ளினான். இஞ்சின் கமறியது, கரும்புகை கக்கியது, நின்றது.

நானா பொனட்டைத் தூக்கி, காற்று வாய்க்குள் குனிந்து பார்த்தார். குமிழ் உள்ளேதான் இருந்தது. தட்டு மட்டும் இறுக மூடிக் கிடந்தது. கம்பிக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. திறக்க வேண்டியது ஸ்பிரிங். அதன் பலத்துக்கு மீறித் தட்டின் அச்சைச் சுற்றி வெள்ளையாக ஏதோ படிந்து இறுக்கியிருந்தது. நகத்தால் சுரண்டினார். மெழுகு போல ஒரு துணுக்கு வந்தது. காற்றில்லாமல் பெட்ரோலை மட்டும் குடித்துக் குடித்து இஞ்சின் மூச்சு முட்டிச் செத்திருக்கிறது. வெயில் ஏறினால் எண்ணெய் உருகும், தட்டு திறக்கும், குற்றத்தின் தடயமே இராது.

அழகையா அந்தத் துணுக்கைப் பார்த்தான். அவனுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இஞ்சின் எண்ணெ ஸ்டோருல பூட்டித்தான் வெச்சிருப்பாங்க நானா. கொஞ்சூண்டுதான் தருவாங்க. அதான் வீட்டுல இருக்கிற நல்ல எண்ணெய..." தட்டைக் கை காட்டினான். "அடம்புடிக்கப் புடிக்க இன்னும் கூட ஊத்துனேன். நானேதான் கெடுத்திருக்கேன். ஐயாகிட்ட சொல்லிறாதீங்க நானா. ஸ்பிரிங் போச்சின்னு சொல்லிருங்க. ஒங்க காலுல விழுறேன்."

ஸ்பிரிங் போச்சு. இரண்டே சொல். ஸ்பிரிங் கொஞ்சம் இளகித்தான் இருந்தது, முழுப்பொய்யும் அல்ல. அதைச் சொல்லிவிட்டால் அவன் தப்புவான். நானாவுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். கல் நெஞ்சுக்காரர் அல்ல.

"நோம்பு வாயால பொய் செல்ல ஏலாது தம்பி" என்றார் கடைசியில். "நோம்பில்லாட்டியும் ஏலாது. ஆனா நான் செல்றதெண்டா முழுசாச் செல்லுவேன். பாதில விடமாட்டேன். பயப்புடாம நில்லுங்க."

அழகையாவுக்குப் பயம் போகவில்லை. எப்படிப் போகும்?

வீரசிங்கம் மருந்துப் பையோடு பனிக்குள்ளிருந்து வந்தார். "என்ன நானா?"

"கைய நீட்டுங்க ஐயா" என்றார் நானா. வழக்கம்போல உள்ளங்கையில் வைத்தார். "இதுதான் காரணம்."

வெள்ளைத் துணுக்கை வீரசிங்கம் கண்ணருகே கொண்டுபோனார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அவர் கைச்சூட்டில் ஓரம் கரைந்து, கண்ணாடியாகி, வெறும் எண்ணெய்ப் பசையாக ரேகைகளில் ஓடியது. முகர்ந்தார். பிறகு அழகையாவின் தலையைப் பார்த்தார்.

"தேங்காயெண்ணெய்" என்றார்.

"ஓம் ஐயா. இப்ப உங்கட கையில நடந்ததுதான் ஒவ்வொரு நாளும் இந்த வண்டிலயும் நடக்குது. விடியக்கொள்ள ஒறைஞ்சு தட்டப் புடிச்சிக்கொள்ளும். வெயிலுக்கு உருகி விட்டுடும்." நானா நிறுத்தவில்லை. "போட்டது இவர்தான். செல்லாம உடமாட்டேன். ஆனா என்னத்துக்குப் போட்ட எண்டும் கேளுங்க. ஸ்டோர்ல எண்ணெ தாரதில்ல. புள்ளட தலைக்கு வைக்கிறத எடுத்து வண்டிக்கு வெச்சிரிக்கார். அடுத்தது, குத்தம் என்டயும் இரிக்கி. போறணைச் சுவரோட வண்டிய வெச்சிட்டுக் குளிருல பாத்த எண்டு உங்களுக்குச் சென்னேன். அது என்ட மடத்தனம். அந்தச் செல்லால இவர்ட வேல போனா, அது என்ட கழுத்திலதான்."

அழகையா முன்னால் வந்தான். "நாந்தாங்க ஐயா. தெரியாம செஞ்சிட்டேன்."

"அந்தப் பிள்ளைத்தாய்ச்சி செத்திருந்தால்?" என்று கேட்டார் வீரசிங்கம்.

அழகையாவின் கண்ணீர் கோட்டில் விழுந்தது, அவன் துடைக்கவும் இல்லை.

வீரசிங்கம் காரைச் சுற்றி நடந்தார். ஒரு கதவைத் திறந்தார், சத்தமில்லை. மறு கதவைத் திறந்தார், அதுவும் சத்தமில்லை. கீல் எல்லாவற்றிலும் மெல்லிய வெள்ளைப் படலம். தெல்தோட்டை மழையில் நனைந்து நனைந்து கிடக்கிற காரில் ஒரு பொட்டுத் துருவை அவரால் காண முடியவில்லை. திரும்பி வந்து, கையில் மிஞ்சிய எண்ணெயைத் துடைக்க இடம் தேடி, கடைசியில் தன் வழுக்கைத் தலையிலேயே தடவிக்கொண்டார்.

"துப்புரவாக்க எவ்வளவு நேரம் எடுக்கும்?"

"இப்ப முடியும் ஐயா." நானா மண்ணெண்ணெய்த் துணியால் அச்சைத் துடைத்தார். தட்டை விரலால் மூடி விட்டார். டக்கென்று திறந்தது.

"ஸ்டோரிலை இனி நான் சொல்லிவிடுறன். வேண்டிய எண்ணெய் தருவினம்" என்றார் வீரசிங்கம். பையைப் பின் இருக்கையில் வைத்தார். "மேற்பிரிவிலை அந்தப் பெட்டையையும் பிள்ளையையும் பாக்கவேணும். என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீர் அழகையா? காரை எடும்."

அழகையா சோக்கை இழுத்தான். ஹேண்டிலைச் சுற்றினான், இஞ்சின் பிடித்தது. குமிழை உள்ளே தள்ளிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். இஞ்சின் ஒருமுறை தடுமாறியது. பிறகு நிமிர்ந்துகொண்டது. குளிரில், பனியில், யாரும் தொடாமல், அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. நானா வாய்விட்டு அல்ஹம்துலில்லாஹ் சொன்னார்.

அதற்குப் பிறகு ஜமால்தீன் நானா கண்டியில் எத்தனையோ கார் பார்த்தார். குளிரில் பார்க்க வேண்டிய காரைப் போறணைச் சுவரிலிருந்து தள்ளி, வெளி முற்றத்தில் நிறுத்துவார். அந்தக் கேள்வியையும் கேட்பார். டிரைவர் தலையில் எண்ணெய் மின்னினால் இன்னொரு கேள்வியும் சேர்த்துக் கேட்பார். அதெல்லாம் பிறகு நடந்தது.

அன்று காலையில் அவர் சாமான் பையை எடுக்க லயத்துக்குத் திரும்பியபோது, பாலம்மா வாசலில் நின்றாள். மேலே போகும் பாதையில் கார்ச் சத்தம் நிற்காமல் ஏறிக்கொண்டிருந்தது. அக்கம்பக்கத்துக் காம்பராக்காரர்களும் வெளியே வந்து கேட்டுக்கொண்டு நின்றார்கள். அவள் கையில் அந்த எண்ணெய்ப் போத்தல், இப்போது முழுக்க உருகித் தெளிந்திருந்தது.

"அவருதான் ஓட்டுறாரா நானா?"

"அவர்தான். டாக்டர் ஐயா பின்னால இரிக்கார்" என்றார் நானா. "இனி இந்தப் போத்தல் உங்கட புள்ளட தலைக்குத்தான், தங்கச்சி."

பாலம்மா சிரித்தாள். பிறகு போத்தலை மார்போடு அணைத்துக்கொண்டு, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தி அழுதாள்.